580 மீட்டர் கேபிள், 19 நாள் ஜெனரேட்டர்

மஞ்சூரிலிருந்து கிண்ணக்கொரை போகும் வழியில் இருக்கும் ஒரு தேயிலை ஃபேக்டரியில் எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறேன். எங்களுக்கென்று எஸ்டேட் கிடையாது. சுற்றுவட்டார சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைத் தேயிலையை வாங்கி சிடிசி எனும் குருணை டீத்தூள் போடுகிறோம். நான் படித்தது ஐடிஐ எலக்ட்ரீஷியன். மோட்டார், பேனல், ஸ்டார்ட்டர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பேன். 11 கேவி, அதாவது பதினோராயிரம் வோல்ட் கேபிளைப் பற்றி எனக்கு எவ்வளவு தெரியும் என்று 2019 ஆகஸ்ட் வரைக்கும் யாரும் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை.

ரோட்டோரம் எங்கள் எச்டி (ஹை டென்ஷன்) போஸ்ட். அங்கிருந்து ஃபேக்டரி டிரான்ஸ்ஃபார்மர் வரை முதலில் கம்பி லைன்தான் இருந்தது. சவுக்கு மர வரிசையும் கற்பூர மரங்களும் காற்றடிக்கும்போதெல்லாம் லைன் மேல் சாயும். சலித்துப்போய் 2017 பிப்ரவரியில் தரைக்கடியில் கேபிள் போட முடிவெடுத்தார் முதலாளி. மொத்தம் 580 மீட்டர். கேபிள் வாங்கும்போதே ஒரு பஞ்சாயத்து. எங்கள் டிரான்ஸ்ஃபார்மர் 315 கேவிஏ, 11 கேவி பக்கம் ஃபுல் லோடில் ஓடுவதே 17 ஆம்பியருக்குள்தான். "பதினேழு ஆம்பியருக்கு எதுக்குய்யா 95 ஸ்கொயர் கேபிள்? 35 போதாதா?" என்றார் முதலாளி. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த வோல்டேஜில் கேபிளின் தடிமனை முடிவு செய்வது தினசரி லோடு இல்லை, ஷார்ட் ஆகும் நேரத்தில் சப்ஸ்டேஷனிலிருந்து பாய்ந்து வரும் கரண்ட். பிரேக்கர் விழும்வரை கேபிள் உருகாமல் நிற்க வேண்டும். அலுமினியக் கடத்தியும் எக்ஸ்எல்பிஇ என்ற பிளாஸ்டிக் இன்சுலேஷனும் உள்ள கேபிளுக்குக் கணக்கு சுலபம்: கடத்தியின் ஸ்கொயர் எம்எம் அளவை 0.094-ஆல் பெருக்கினால் ஒரு செகண்டுக்கு எத்தனை கிலோ ஆம்பியர் தாங்கும் என்று வரும். 35-க்கு 3.3, 95-க்கு 8.9. எங்கள் இடத்தில் ஷார்ட் கரண்ட் 6-க்கு மேல் வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் கன்சல்டன்ட் பேச்சைக் கேட்டோம். கேட்டது பிற்பாடு எங்களைக் காப்பாற்றியது.

கேட்காமல் விட்டவை நிறைய. ஒரே நீளமாக 580 மீட்டர் டிரம்மை அந்த வளைவுகளில் லாரியில் ஏற்ற முடியாது என்று இரண்டு டிரம்மாக வாங்கினோம். ஒவ்வொன்றும் ஒன்றரை டன். ஆக, நடுவில் ஒரு ஜாயிண்ட் தவிர்க்க முடியாது. அந்த ஜாயிண்ட் எந்த இடத்தில் வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. கேபிள் எங்கே முடிந்ததோ அங்கே குழி வெட்டி ஜாயிண்ட் போட்டார்கள். அது சரிவின் அடிவாரத்தில், மழைக்காலத்தில் ஊற்று எடுக்கும் பள்ளம். வேலை முடிந்த நாள் டெஸ்ட் ரிப்போர்ட் ஒன்று கொடுத்தார்கள். எல்லாக் கட்டத்திலும் "ஓகே" என்று எழுதியிருந்தது, ஒரு எண் கூட இல்லை. ரூட் மேப் பேனாவால் வரைந்த ஒரு தாள். அதுவும் ஆபீஸ் மாறியபோது காணாமல் போனது. இந்த அனுபவத்தில் எனக்கு ஆன நஷ்டத்தில் பாதி அந்தத் தாளின் விலை.

2019 ஆகஸ்ட் இரண்டாம் வாரம் நீலகிரியில் பெய்த மழை எல்லோருக்கும் நினைவிருக்கும். அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. 9-ஆம் தேதி காலை எங்கள் போஸ்ட்டில் எச்ஜி (ஹார்ன் கேப்) ஃப்யூஸ் பெரிய சத்தத்தோடு போனது. மழைதான் காரணம் என்று ஃப்யூஸ் மாற்றிப் போட்டோம். மறுபடியும் வெடித்தது. இது முதல் தப்பு. தரைக்கடி கேபிளில் ஃபால்ட் என்பது மரக்கிளை பட்டு விலகுகிற மாதிரி தானாகச் சரியாகாது. இன்சுலேஷனை அளக்கும் மெகர் வைத்துப் பார்க்காமல் திரும்பச் சார்ஜ் செய்தால், ஏற்கெனவே வெந்த இடத்தில் இன்னொரு முறை கொள்ளி வைக்கிறோம். மின்வாரிய ஆட்கள் வந்து பார்த்துவிட்டு, போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் உங்கள் பொறுப்பு என்று லைனைத் துண்டிக்கும் ஏபி ஸ்விட்சைத் திறந்து வைத்துவிட்டுப் போனார்கள். அது அவர்கள் தப்பில்லை, விதியே அதுதான்.

கேபிளுக்குள் ஆர், ஒய், பி என்று மூன்று பேஸ். மெகரில் எண் கூடினால் இன்சுலேஷன் நல்லது. 5 கேவி மெகரில் பி பேஸ் 2,000 மெகாஓமுக்கு மேல் காட்டியது. ஒய் 40. ஆர் பேஸில் முள் எழவே இல்லை. இந்த மூன்று எண்ணையும் எதோடு ஒப்பிடுவது? போட்ட அன்றைக்கு என்ன இருந்தது என்று தெரிந்தால்தானே ஒய் பேஸ் கெட்டுவருகிறதா, பிறவியிலேயே அப்படியா என்று சொல்ல முடியும். "ஓகே" என்று எழுதிய பேப்பரை வைத்துக்கொண்டு நான் நின்றேன். வெளியே ரோட்டில் தேயிலை மூட்டைகளோடு பிக்கப் வண்டிகள் நின்றன.

தேயிலை காத்திருக்காது. பறித்த இலை வாட்டும் தொட்டியில் காற்றில்லாமல் கிடந்தால் அடியில் சூடேறிச் சிவந்துவிடும். அந்தப் புளித்த வாடை மூக்கிலேயே நிற்கும். 250 கேவிஏ ஜெனரேட்டரை ஓட்டினோம். மழையில் வரத்துக் குறைவு என்பதால் தினம் பத்து மணி நேரம்தான், அதற்கே ஏறக்குறைய 350 லிட்டர் டீசல். அன்றைய விலையில் நாளுக்கு 24,500 ரூபாய். மண் சரிவால் டீசல் வண்டி வராத இரண்டு நாளில் இலையைத் திருப்பி அனுப்பினோம். மழையில் நனைந்தபடி மூட்டையை மீண்டும் வண்டியில் ஏற்றிய ஒரு பெரியவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம். பக்கத்திலேயே மலையைக் குடைந்து, கனடா உதவியோடு 1950, 60-களில் கட்டிய குந்தா மின் நிலையங்கள். மின்சாரம் பிறக்கிற ஊரில் நாங்கள் டீசல் புகையில் இருந்தோம்.

முதலில் வந்த உள்ளூர் கான்ட்ராக்டர் கேபிளில் உயர் வோல்டேஜ் ஏற்றிச் சோதிக்கும் டிசி ஹைபாட் மெஷின் கொண்டுவந்தார். 18 கேவி வரை ஏற்றிப் பார்க்கலாம் என்றார். மெகரிலேயே பூஜ்யம் காட்டும் பேஸில் ஏற்றி என்ன தெரியப் போகிறது என்று கேட்கத் தோன்றவில்லை. பூஜ்யம் காட்டாத ஒய், பி பேஸ்களிலும் நான்கைந்து தடவை ஏற்றினார். புது கேபிளுக்கு ஒருமுறை டிசி கொடுத்தார்கள் என்றால் பரவாயில்லை. தண்ணீர் பட்டு வருஷங்கள் ஆன எக்ஸ்எல்பிஇ கேபிளுக்கு அது நல்லதல்ல என்று பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன். இன்சுலேஷனுக்குள் ஈரம் புகுந்த இடங்களில் மரக்கிளை மாதிரி நுண்ணிய தடங்கள் வளரும். டிசி ஏற்றும்போது அங்கே சார்ஜ் சிக்கி நின்றுவிடும். கேபிள் டெஸ்டில் பாஸ் ஆகும், திரும்ப ஏசி கொடுத்த பிறகு சில நாளில் உடையும். இப்போது அதற்குப் பதிலாக விஎல்எஃப் என்று 0.1 ஹெர்ட்ஸ் ஏசி மெஷின் இருக்கிறது. வாடகை அதிகம்தான், ஆனாலும் அதைத்தான் கேளுங்கள். இன்னொன்று: டிசி ஏற்றிய கேபிள் மெஷினை அணைத்த பிறகும் உயிரோடு இருக்கும். டிஸ்சார்ஜ் ராடு வைத்து எர்த் செய்து, டெஸ்ட் நடந்த நேரத்தை விட அதிக நேரம் அப்படியே கட்டி வையுங்கள். எங்கள் ஹெல்பர் பையன் கையை வைக்கப் போனான். நான் கத்திய கத்தில் நின்றான். இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்கும்.

அடுத்த நான்கு நாள் குத்துமதிப்பாகத் தோண்டினோம். ஜாயிண்ட் சவுக்கு மரத்துப் பக்கம் என்று ஒருவர் சொன்னார், தண்ணீர் டேங்க் பக்கம் என்று இன்னொருவர். நீலகிரியில் நினைத்தவுடன் பொக்லைன் இறக்க முடியாது, கலெக்டர் ஆபீஸ் அனுமதி வேண்டும். கடப்பாரையும் மண்வெட்டியும்தான். 11 கேவி கேபிள் குறைந்தது 90 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்க வேண்டும். மழையில் அந்த ஆழம் தோண்டினால் தோண்டத் தோண்டக் குழி சரியும். மூன்று குழி, 31,000 ரூபாய் கூலி, கண்டது கேபிளின் நல்ல முதுகு. ஓரிடத்தில் மட்டும் கருங்கல் முனை வெளி உறையைக் கீறி, உள்ளே ஆர்மர் எனும் காப்புக் கம்பி துருப்பிடித்திருந்தது. மணல் மெத்தை போட பில் வாங்கியிருந்தார்கள். அங்கே மணலும் இல்லை, மேலே செங்கல்லும் இல்லை.

ரோடு திறந்த பிறகு கோயம்புத்தூரிலிருந்து ஃபால்ட் கண்டுபிடிக்கும் வண்டி வந்தது. வாடகை 38,000. முதல் நாளே கூப்பிட்டு வரிசையில் நின்றிருந்தால் இரண்டு நாளாவது மிச்சம். டிடிஆர் என்ற கருவி கேபிளுக்குள் ஒரு பல்ஸை அனுப்பி, அது திரும்பி வரும் நேரத்தை வைத்துத் தூரம் சொல்கிறது. 296 மீட்டர் என்றது. ஆனால் அது கேபிளின் நீளம், தரையின் தூரம் இல்லை. கேபிள் நேராகப் போகாது, ஏறி இறங்கி வளைந்து கிடக்கும். துல்லியமான இடத்துக்குத் தம்பர் என்னும் இன்னொரு மெஷின். கேபிளில் சில நொடிக்கு ஒருமுறை சர்ஜ் விடும். ஃபால்ட் உள்ள இடத்தில் மண்ணுக்கடியில் "டப்" என்று வெடிக்கும், தரையில் மைக் வைத்துக் கேட்க வேண்டும். பகலில் மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. இரவு இரண்டு மணிக்கு மழை ஓய்ந்தபோது, ஊற்றுப் பள்ளத்தின் ஓரத்தில் ஆபரேட்டர் கையைத் தூக்கினார். நான் ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டேன். யாரோ மண்ணுக்குள் இருந்து கதவைத் தட்டுகிற மாதிரி இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

ஜாயிண்ட்டை அறுத்தால் உள்ளிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் கொட்டியது. ஆர்மரை இரண்டு பக்கமும் இணைக்கும் செம்புப் பின்னலை கிளாம்ப் போடாமல் வெறுமனே முறுக்கி விட்டிருந்தார்கள். தண்ணீர் உறைக்கு உள்ளாகவே கேபிள் நெடுகப் போயிருக்கும், வெட்டிய இடத்தில் அப்படியே ஜாயிண்ட் போட்டுவிடாதீர்கள். கடத்தியின் இழை ஒன்றை வெட்டிச் சூடான எண்ணெயில் போடுங்கள், ஈரம் இருந்தால் கடுகு தாளிக்கிற மாதிரி பொரியும். எங்களுக்கு ஆறு மீட்டர் வெட்டிய பிறகுதான் எண்ணெய் அமைதியானது. ஆறு மீட்டர் போனால் நடுவில் துண்டு சேர்க்க வேண்டும், ஒரு ஜாயிண்ட் இரண்டாகும். துண்டுக்கு கேபிள்? ஒரு முழம் கூட மிச்சம் வைக்கவில்லை நாங்கள். 2017-இல் மீந்ததை இடம் அடைக்கிறது என்று விற்றுவிட்டோம். 40 மீட்டருக்குக் குறைந்து வெட்டித் தர எந்தக் கடையும் தயாராக இல்லை.

கேபிள் வந்த அன்று மாலை மூன்று மணி. மேகம் இறங்கிக் கையை நீட்டினால் விரல் தெரியவில்லை. முதலாளி மட்டும் நான்கு தடவை போன் செய்தார். கான்ட்ராக்டரின் ஜாயிண்டர் தார்ப்பாயைத் தலைக்கு மேல் பிடிக்கச் சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். டார்ச் வெளிச்சத்தில், இரவு பதினோரு மணி வரை. 23-ஆம் தேதி காலை சார்ஜ் செய்தோம். வாட்டும் தொட்டி ஃபேன்கள் எல்லாம் தலைகீழாகச் சுற்றின. இருட்டில் கலர் பட்டை பார்க்காமல் கேபிளுக்குள் இருக்கும் இரண்டு பேஸ் கம்பிகளை மாற்றி இணைத்திருக்கிறார். போஸ்ட்டில் ஜம்பர் எனும் இணைப்புக் கம்பி இரண்டை இடம் மாற்றிச் சமாளித்தோம். அதை எங்கும் எழுதி வைக்கவில்லை.

செப்டம்பர் 10, பதினெட்டாம் நாள், ஃப்யூஸ் மறுபடி வெடித்தது. அன்றைக்கு நான் ஃபேக்டரி பின்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துவிட்டேன். வேலையை விட்டுவிடலாம் என்று கூடத் தோன்றியது. பிறகு ஃபால்ட் கண்டுபிடித்த வண்டிக்காரரிடம் கேட்டு, கோயம்புத்தூரில் முப்பது வருஷமாக ஜாயிண்ட் மட்டுமே போடும் ஒருவரைப் பிடித்தேன். அறுபதை நெருங்கிய மனிதர். வந்தவர் பனி மூட்டத்தைப் பார்த்தார், டீ கேட்டார், உட்கார்ந்துவிட்டார். "அண்ணா, இலை வந்து நிக்குதுங்கண்ணா" என்றேன். "நிக்கட்டும் தம்பி. இந்த ஈரத்துல நான் கத்திய வெளிய எடுக்க மாட்டேன். கூடாரம் கட்டு, உள்ள ஒரு ஹீட்டர் வை, கீழ பலகை போடு. காலைல வெயில் வந்தா பாப்போம்." ஒரு நாள் போனது. முதலாளி கத்தினார். நான் முதல்முறையாக எதிர்த்துப் பேசினேன்.

மறுநாள் அவர் உடைந்த ஜாயிண்ட்டைப் பிரித்து எனக்குப் பாடம் எடுத்தார். எக்ஸ்எல்பிஇ இன்சுலேஷன் மேல் கறுப்பாக ஒரு செமிகான் (அரைகுறையாக மின் கடத்தும்) படலம் இருக்கும். ஜாயிண்ட் போடும்போது குறிப்பிட்ட நீளத்துக்கு அதை உரிக்க வேண்டும். அது முடியும் விளிம்பில்தான் மின் அழுத்தம் எல்லாம் குவியும். பழைய ஜாயிண்டர் கத்தியைச் சற்று அழுத்திவிட்டார். இன்சுலேஷனில் தலைமுடி அளவுக்கு ஒரு வட்டக் கீறல். மொத்தத் தடிமனே நாலு மில்லிமீட்டர் கூட இல்லை. அந்தக் கீறலில் நின்ற காற்றில் ஓயாமல் சின்னச் சின்னப் பொறி பறந்து, பதினெட்டு நாளில் கரிக்கோடு போட்டுக் கடத்தி வரை இறங்கிவிட்டது. கடத்திகளைச் சேர்த்து நசுக்கிய ஃபெரூல் குழாயின் பிசிறைக்கூட அரம் போட்டு மழுக்கவில்லை. "கேபிளை மிஷின் செய்யுது, ஜாயிண்டை மனுசன் செய்யுறான். எங்க உடையும்?" என்றார்.

அவர் வேலை செய்ததைப் பக்கத்தில் குந்தியிருந்து பார்த்தேன். ஜாயிண்ட் கிட் பெட்டியில் இருந்த அளவுத்தாளை முதலில் கூடாரத்தில் ஒட்டினார். முப்பது வருஷ அனுபவத்துக்கும் தாளைப் பார்த்துத்தான் ஒவ்வொரு அளவும் குறித்தார், ஏனென்றால் கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். இன்சுலேஷனை எமரித் தாளில் தேய்க்கவில்லை, கிட்டில் வந்த தாளால்தான். எமரியில் மின் கடத்தும் துகள் இருக்கலாம் என்றார். துடைக்கும்போது வெள்ளைப் பக்கத்திலிருந்து கறுப்புப் பக்கம் நோக்கி ஒரே இழுப்பு, அந்தத் துணியைத் திரும்ப வெள்ளைப் பக்கம் கொண்டுவரவே இல்லை. செமிகான் விளிம்பில் மஞ்சள் மாஸ்டிக் பசைப்பட்டையை இழுத்துச் சுற்றினார். சூட்டில் சுருங்கும் டியூபைச் சுருக்கும்போது தீயை நடுவிலிருந்து ஓரத்துக்குக் கொண்டுபோனார், உள்ளே காற்று தங்காமல் வெளியேற. முழுக்க ஆறும்வரை கேபிளை யாரையும் தொடவிடவில்லை. எங்கள் அதிர்ஷ்டம், முதல் ரிப்பேரில் குழிக்குள் ஒரு மீட்டர் தாராளமாக வளைத்து விட்டிருந்தோம். யோசித்துச் செய்ததல்ல. அது இல்லையென்றால் இன்னொரு துண்டு, இன்னும் ஒரு ஜாயிண்ட். நீங்கள் ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் கொஞ்சம் வளைத்துவிடுங்கள், ஆனால் கேபிள் குறுக்களவைப் போலப் பதினைந்து மடங்குக்குக் குறையாத ஆரத்தில்.

விஎல்எஃப் வைத்தபோது, புது கேபிளுக்குக் கொடுக்கும் 19 கேவி அளவுக்குப் போகவில்லை. வயதான கேபிள் என்று குறைத்தே ஏற்றினார்கள். பாஸ். சார்ஜ் செய்தோம். ஃபேன்கள் மறுபடி தலைகீழ்! அவர் கலர் பார்த்துச் சரியாக இணைத்துவிட்டார், போஸ்ட்டில் நாங்கள் மாற்றிய ஜம்பர் அப்படியே இருக்கிறது. என்னைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு மறக்காது.

கூட்டிப் பார்த்தால் டீசல் மட்டும் 19 நாளுக்கு நாலரை லட்சத்துக்கு மேல். கேபிள், கிட், வண்டி, கூலி எல்லாம் சேர்த்து ஏழரை லட்சம் தாண்டியது. திரும்பிப் போன இலைக்குக் கணக்கில்லை. அதில் சில விவசாயிகள் பிறகு எங்களிடம் வரவே இல்லை.

இப்போது தென்மேற்குப் பருவமழைக்கு முன், மே மாதத்தில் ஒரு நாள் ஷட் டவுன் கேட்டு வாங்கி 5 கேவி மெகர் வைக்கிறேன். ஒரு நிமிட அளவும் பத்து நிமிட அளவும், அன்றைய வெயில் மழை நிலவரத்தோடு நோட்டில் ஏறும். ஒரே மதிப்பு நல்லதா கெட்டதா என்று பார்ப்பதில்லை, போன வருஷத்தை விட இறங்கியிருக்கிறதா, மூன்று பேஸும் ஒன்றையொன்று ஒத்திருக்கிறதா என்று பார்க்கிறேன். பனி இறங்கிய இரவில் போஸ்ட்டுக்கடியில் நின்று டெர்மினேஷனில், அதாவது கேபிள் முனை லைனோடு சேரும் இடத்தில், சீறல் சத்தம் வருகிறதா என்று கேட்பேன். லைட்னிங் அரெஸ்டரின் (மின்னல் தடுப்பானின்) எர்த் கம்பியை இழுத்துப் பார்ப்பேன். ஒரு தடவை அது யாரோ அறுத்துக்கொண்டு போய் வெறும் நுனி தொங்கியது. காட்டுப்பன்றி கிளறிய இடங்களில் கேபிள் மேல் மண் குறைந்திருந்தால் அன்றே மூடச் சொல்வேன். ரூட் மேப்பில் மரத்தைக் குறிப்பதில்லை, மரம் விழும். கட்டட மூலை, கல்வெர்ட்டு, போஸ்ட், இந்த மூன்றிலிருந்தும் டேப் பிடித்த தூரம் எழுதியிருக்கிறேன். ஜாயிண்ட் இரண்டுக்கும் மேலே சிமெண்ட் கல் நட்டு சிவப்புப் பெயின்ட் அடித்தாயிற்று. ஊற்றுத் தண்ணீர் அங்கே நிற்காமல் வாய்க்கால் வெட்டி விட்டோம்.

அன்றைக்கு வாங்கிய 40 மீட்டரில் மீந்தது 31 மீட்டர். இரண்டு முனைக்கும் ஹீட் ஷ்ரிங்க் தொப்பி போட்டு, ஈரம் ஏறாமல் குடோன் மூலையில் சுருட்டி வைத்திருக்கிறேன். போன மாதம் முதலாளி அதைக் காலால் தட்டிப் பார்த்து, ஆக்கர் கடைக்குப் போட்டால் எவ்வளவு வரும் என்று கேட்டார். நான் குடோன் சாவியை எடுத்து என் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.